விவசாயியின் தலையில் கட்டப்பட்ட மரபியல்

நீண்ட பதிவு. பூச்சியியல், மரபியல், வேளாண்மை பயிலும் மாணவர்களையும் அவர்களுடைய நெறியாளர்களையும் முன்னிட்டு எழுதுகிறேன். துறைக்கு வெளியே இருப்பவர்களும் வாசிக்கலாம். இதில் வரும் கணக்கு பத்தாம் வகுப்பில் படித்த மெண்டலைத் தாண்டாது.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. பருத்தியின் நஞ்சைத் தாங்கப் பழகிய வரலாற்றைப் பேசும் ஆய்வேடுகளிலும் கருத்தரங்க உரைகளிலும் இறுதியில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து அமர்கிறது. புகலிடப் பயிரை விவசாயிகள் விதைக்கவில்லை, அதனால் எதிர்ப்புத்திறன் தோன்றியது, ஆகவே விவசாயிகளிடையே விழிப்புணர்வு வேண்டும் என்பது அதன் சாரம். முடிவுரையை எப்படி முடிப்பது என்று தெரியாதபோது கைகொடுக்கும் வாக்கியம் இது. தேர்வாளர் எவரும் இதைக் கேள்வி கேட்பதில்லை.

இந்த வாக்கியத்தை நம் ஆய்வேடுகளிலிருந்து நீக்க வேண்டும் என்பதே என் வாதம். விவசாயிகள் மீதான பரிவினால் இதைச் சொல்லவில்லை. மரபியலாக இது அரைகுறையானது என்பதால் சொல்கிறேன். ஒரு பூச்சி தன் எதிர்ப்புத்திறனைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கடத்துகிறது என்பது 2002க்கு முன்பே நமக்குத் தெரியும். அந்த அறிவுக்கு நேர்மாறாக விதை வடிவமைக்கப்பட்டது, விதிகள் வகுக்கப்பட்டன, விளைவு மட்டும் விவசாயியின் கணக்கில் எழுதப்பட்டது.

முதலில் அடிப்படை. பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியம் பட்டுப்புழுவின் நோயாகத்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. 1901இல் ஜப்பானில் இஷிவாதா அதை நோயுற்ற பட்டுப்புழுவில் கண்டார். 1911இல் ஜெர்மனியில் பெர்லினர் அதை மாவு அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து மீண்டும் பிரித்தெடுத்தார். துரிஞ்சியா என்ற நிலப்பகுதியின் பெயரே அதற்கு நிலைத்தது. அந்தப் பாக்டீரியம் உருவாக்கும் படிகப் புரதம் புழுவின் நடுக்குடலில் உள்ள காரத்தன்மையில் கரைகிறது. செரிமான நொதிகள் அதை வெட்டிச் செயல்படும் வடிவுக்குக் கொண்டுவருகின்றன. பின்னர் அது குடற்சுவர் உயிரணுக்களின் மேலுள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு சவ்வில் துளையிடுகிறது. புழு உண்பதை நிறுத்திச் சாகிறது. ஏற்பி பூட்டு என்றால் நஞ்சு சாவி. பூட்டின் வடிவம் மாறிவிட்டால் சாவி பயனற்றது.

பூட்டு மாறிய பூச்சிகள் நஞ்சைத் தெளித்த பிறகு புதிதாகப் பிறப்பவை என்று பலரும் எண்ணுகிறார்கள். பட்டுப்புழுவே இதற்கு மறுப்பு. சில பட்டுப்புழு இனங்கள் கிரை 1ஏபி என்ற பி.டி. நஞ்சைத் தாங்குகின்றன. ஏபிசிசி2 என்னும் கடத்திப் புரதத்தில் ஒரேயொரு டைரோசின் அமினோ அமிலம் கூடுதலாகச் செருகப்பட்டிருப்பதே அதற்குக் காரணம் என்று 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பட்டுப்புழு மீது பி.டி. மருந்தைத் தெளித்து அதை வளர்த்தவர் யாருமில்லை. ராமநகரத்துப் பட்டுக்கூடு சந்தையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிர்ப்பின் வேர் இயல்பான மரபு வேறுபாட்டில் முன்பே கிடக்கிறது. மருந்து அதைப் பொறுக்கி எடுத்துப் பெருக்குகிறது.

இதுவும் புதுச் செய்தியன்று. 1985இல் மெக்காகி என்ற அமெரிக்க ஆய்வாளர், தானியக் கிடங்குகளில் வாழும் இந்திய மாவு அந்துப்பூச்சி சில தலைமுறைகளுக்குள்ளாகவே பி.டி.க்கு எதிர்ப்புப் பெறுவதையும், அது ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுவதையும் வெளியிட்டார். 1990இல் ஹவாய்த் தீவுகளின் வயல்களில் வைரமுதுகு அந்துப்பூச்சி பி.டி. தெளிப்புக்கு எதிர்ப்புப் பெற்றிருப்பதை புரூஸ் தபாஷ்னிக் குழுவினர் அறிவித்தனர். இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது 2002 மார்ச்சில். இடையில் கழிந்தவை பதினேழு ஆண்டுகள்.

இப்போது கணக்கு. எதிர்ப்பு அல்லீல் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதாகக் கொள்வோம். பத்து லட்சம் பூச்சிகளில் அந்த அல்லீலை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றது ஏறத்தாழ ஒன்று. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவை ஏறத்தாழ இரண்டாயிரம். மீதி அனைத்தும் நஞ்சுக்கு இரையாகக் கூடியவை. செடியில் நஞ்சு போதிய அளவு இருந்து, எதிர்ப்பு முழுமையான ஒடுங்கு பண்பாகவும் இருந்தால், அந்த இரண்டாயிரமும் செத்துவிடும். அந்த ஒன்று மட்டும் பிழைக்கும். அருகிலேயே நஞ்சில்லாத பருத்தி இருந்தால் அங்கு வளர்ந்த அந்துப்பூச்சிகளில் ஒன்றோடு அது இணையும். பிறக்கும் குஞ்சுகள் ஓர் எதிர்ப்பு அல்லீலை மட்டும் பெற்றிருக்கும், பி.டி. செடியைத் தின்றதும் சாகும். புகலிடப் பயிரின் தத்துவம் இவ்வளவே.

கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். நஞ்சின் அளவு குறைந்து, அந்த இரண்டாயிரத்தில் நூற்றுக்கு ஐந்து மட்டும் பிழைத்தால் எத்தனை? நூறு. இரட்டை அல்லீல் பெற்ற ஒன்றுக்கு எதிராக ஒற்றை அல்லீல் பெற்ற நூறு பூச்சிகள் அடுத்த தலைமுறையைத் தொடங்குகின்றன. பாதி பிழைத்தால் ஆயிரம். எதிர்ப்புத்திறன் பரவும் வேகத்தைத் தீர்மானிப்பவை அரிதான அந்த ‘வீரப் பூச்சிகள்’ அல்ல. ஓர் அல்லீலோடு தட்டுத்தடுமாறிப் பிழைக்கும் இந்தக் கூட்டமே. ஆகவே எந்த உயிரியல் பூச்சிக்கொல்லியையும் வயலுக்கு அனுப்புமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எதிர்ப்பு ஓங்கு பண்பா ஒடுங்கு பண்பா என்பதுதான். அதையும் ஆய்வகத்துச் செயற்கை உணவில் மட்டுமின்றி, புழு உண்மையில் தின்னும் உறுப்பில், அது தின்னும் பருவத்தில் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியைத் தவிர்த்தால் என்ன நேரும் என்பதற்கு ஐரோப்பிய ஆப்பிள் தோட்டங்கள் சான்று. காட்லிங் அந்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த அங்கே இயற்கை வேளாண்மை செய்வோர் நம்பியிருந்தது ஒரு கிரானுலோ வைரஸ். மெக்சிகோவில் கண்டெடுக்கப்பட்ட ஒரேயொரு வைரஸ் வகையிலிருந்தே அந்தத் தயாரிப்புகள் செய்யப்பட்டன. 2005இல் ஜெர்மனியில் எதிர்ப்பு அறிவிக்கப்பட்டது. 2007இல் வெளியான ஆய்வு, அந்த எதிர்ப்பு ஓங்கு பண்பு என்றும் இசட் பால் குரோமோசோமில் அமைந்தது என்றும் காட்டியது. அந்துப்பூச்சிகளில் ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒன்றே. பெண் தன் இசட் குரோமோசோமைத் தந்தையிடமிருந்து பெறுகிறது. அந்த ஒன்றில் எதிர்ப்பு அல்லீல் இருந்தால் அதை மறைக்க மற்றொன்று இல்லை. முழு எதிர்ப்போடு பிறக்கிறது. இத்தகைய மரபு வழியில் நஞ்சுக்கு இரையாகும் துணையைக் கொண்டுவந்து நிறுத்துவதால் பெரிதாகப் பயன் விளையாது. ‘உயிரியல்’ என்ற அடைமொழி எந்த மருந்துக்கும் எதிர்ப்பிலிருந்து விலக்கு அளிப்பதில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் எதிர்ப்பின் மரபு வழி தனி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2002இல் அனுமதி பெற்ற பருத்தியில் கிரை 1ஏசி என்ற ஒற்றை நஞ்சு இருந்தது. 2006இல் கிரை 2ஏபியும் சேர்ந்த போல்கார்டு 2 வந்தது. வயலின் ஓரத்தில் ஐந்து வரிசை, அல்லது மொத்தப் பரப்பில் 20 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு நஞ்சில்லாத பருத்தி விதைக்க வேண்டும் என்பது விதி. 450 கிராம் பி.டி. விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதாரண விதை தனிப் பையில் வந்தது. அதைப் பெரும்பாலோர் விதைக்கவில்லை என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதே விவசாயிகளின் அதே வயல்களில் இன்னொரு பூச்சியும் இருந்தது: அமெரிக்கன் காய்ப்புழு. பி.டி. பருத்தி கொண்டுவரப்பட்டதே முதன்மையாக அதற்காகத்தான். புகலிடப் பயிரைப் புறக்கணித்த குற்றம் இரு பூச்சிகளுக்கும் பொதுவானது. எனினும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு செய்ததைப்போன்ற பரவலான வயல்தோல்வியை அமெரிக்கன் காய்ப்புழு ஏற்படுத்தவில்லை. காரணம் அதன் உணவுப் பழக்கம். துவரை, கொண்டைக்கடலை, தக்காளி எனப் பல பயிர்களில் அது வளர்கிறது. நம் ஊரின் கலப்பு வேளாண்மையே அதற்குப் புகலிடம். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கோ நடைமுறையில் பருத்தியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. 1843இல் சான்டர்ஸ் அதற்கு அறிவியல் பெயரிட்டதே குஜராத்தின் பரூச் பகுதியிலிருந்து சென்ற பூச்சிகளைக் கொண்டுதான். இந்த மண்ணில் அதன் இயல்பு அறியாததன்று. ஆக, இரு பூச்சிகளின் வேறுபாட்டை விளக்க ‘விவசாயிகளின் அலட்சியம்’ என்ற ஒரே மாறி போதாது. ஓர் ஆய்வு மாணவர் தன் தரவில் இப்படியொரு மாறியை வைத்துக்கொண்டு முடிவு சொன்னால் நாம் ஏற்போமா?

அடுத்தது விதை. உலகின் மற்ற முக்கியப் பருத்தி நாடுகள் பெரும்பாலும் நேரடி ரகங்களை விதைக்கின்றன. இந்தியாவில் பி.டி. பருத்தி ஏறத்தாழ முழுவதும் வீரிய ஒட்டு விதை. 1970இல் சூரத்தில் உருவான ஹெச்-4, 1972இல் தார்வாடில் உருவான வரலட்சுமி ஆகியவை நம் பொதுத்துறை விஞ்ஞானிகளின் பெருமைக்குரிய ஒட்டு ரகங்கள்; அந்தப் பெருமையில் கர்நாடகத்துக்கும் பங்குண்டு. பிற்காலத்தில் அதே ஒட்டு முறை வேறொரு பயனுக்கு வந்தது. ஒட்டு விதையைச் சேமித்து மறுமுறை விதைக்க முடியாது. ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டும். காப்புரிமையைக் காவல் காக்க இதைவிட எளிய வழி கிடையாது.

மரபியலில் இதன் விலை என்ன? ஒட்டுச் செடியில் நஞ்சு மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வருகிறது. அந்தச் செடியின் காய்க்குள் இருக்கும் விதைகள் அடுத்த தலைமுறை; அவற்றில் மெண்டலின் பிரிவினை நிகழ்கிறது. ஒரு நஞ்சானால் நான்கில் ஒரு விதையில் நஞ்சில்லை. இரு நஞ்சுகள் தனித்தனியே பிரிந்தால் ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று என்ற பழைய விகிதம்: சில விதைகளில் இரண்டும் உண்டு, சிலவற்றில் ஒன்று மட்டும், பதினாறில் ஒன்றில் எதுவுமில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதைத் தின்கிறது? இலையையன்று, காய்க்குள் புகுந்து விதையைத்தான். விதைக்கு விதை நஞ்சின் அளவு மாறும் உணவுத்தட்டு அதன் முன் வைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு மேல், பயிரின் வயது கூடக்கூட கிரை 1ஏசியின் அளவு குறைவதையும், காய்த் தோல், பூவின் சூலகம் போன்ற உறுப்புகளில் அது குறைவாகவே இருப்பதையும் நாகபுரியின் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005இலேயே வெளியிட்டனர். ஒட்டு ரகங்கள் ஆறு மாதத்துக்கும் மேலாக வயலில் நிற்பவை. இப்புழுவோ பருவத்தின் பிற்பகுதியில் பெருகுவது. நஞ்சு தளரும் காலமும் புழு பெருகும் காலமும் ஒன்றாகின்றன. முன்சொன்ன கணக்கில் இரண்டாயிரத்தில் நூறு பிழைப்பதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு எது?

ஒட்டு விதையின் இந்தச் சிக்கலை அந்நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் கேசவ் கிராந்தி நெடுங்காலமாகச் சுட்டிவந்திருக்கிறார். ஆகவே இது என் கண்டுபிடிப்பன்று. என் கேள்வி வேறு: இது நம் முடிவுரைகளில் ஏன் இடம்பெறுவதில்லை?

ஒட்டுக்கலப்பு எப்போதும் தீங்குதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் நடந்ததை 2017இல் வெளியான ஆய்வு விவரிக்கிறது. அங்கே புகலிடப் பயிர் விதைக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் பி.டி. பருத்தியையும் சாதாரணப் பருத்தியையும் ஒட்டிப் பெற்ற செடிகளின் இரண்டாம் தலைமுறை விதைகள் விற்பனைக்கு வந்தன, விவசாயிகள் விதைத்தனர். அந்த வயல்களில் நான்கில் ஒரு செடி தானாகவே நஞ்சற்றது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் எதிர்ப்பு அங்கே ஏறுமுகத்திலிருந்து இறங்குமுகத்துக்குத் திரும்பியது. செடிக்குச் செடி கலந்திருப்பது புகலிடமாகிறது. காய்க்குள் விதைக்கு விதை கலந்திருப்பது அரைகுறை நஞ்சாகிறது. இரண்டும் ஒருசேர நிகழும்போது எது விஞ்சும் என்பதை நம் நிலத்தில், நம் பருவத்தில் அளந்தாக வேண்டும். நான் கவனிக்கச் சொல்வது ஒன்றே: சீன விவசாயி நம் விவசாயியைவிட விழிப்புணர்வு மிக்கவர் என்பதால் அங்கே எதிர்ப்பு குறையவில்லை. புகலிடம் விதைக்குள்ளேயே இருந்தது.

அரிசோனாவும் அப்படியே. அங்கும் ஆய்வகச் சோதனைகளில் எதிர்ப்பு அல்லீல்கள் கண்டறியப்பட்டன; காடரின் என்ற ஏற்பி மரபணுவில் மூன்று மாற்றங்கள் 2003இல் விவரிக்கப்பட்டன. எனினும் 1996 முதல் பத்தாண்டுகளுக்குப் புகலிடப் பயிர் உதவியோடு பூச்சி நஞ்சுக்கு இரையாகக் கூடியதாகவே இருந்தது. 2006 முதல் மலடாக்கப்பட்ட அந்துப்பூச்சிகளைப் பெருமளவில் விடுவித்தனர். 2018இல் அமெரிக்கப் பருத்தி வயல்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அரசும் பல்கலைக்கழகமும் பருத்தி விவசாயிகளின் அமைப்புகளும் இணைந்து நடத்திய திட்டம் அது. பொட்டலத்தோடு ஒரு பையைத் திணித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை.

நம்மிடம் நிகழ்ந்தது வேறு. 2010 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் பி.டி. கத்தரி குறித்த பொதுக் கலந்தாய்வு நடந்தது. உணவின் பாதுகாப்பும் விதையின் உரிமையும் உரத்த குரலில் பேசப்பட்டன. மூன்று நாட்களில் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் கத்தரிக்கான அனுமதியை நிறுத்திவைத்தார். அடுத்த மாதமே, குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகத், ராஜ்கோட் மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு கிரை 1ஏசிக்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டதாக மான்சாண்டோ நிறுவனம் அறிவித்தது. அம்ரேலியில் 2008இல் திரட்டிய புழுக்களைக் கொண்டு அதைக் காட்டிய இந்திய விஞ்ஞானிகளின் கட்டுரை 2011இல் வந்தது. போல்கார்டு 2 இருக்கிறதே என்று ஆறுதல் கூறப்பட்டது. இரு நஞ்சுகளை அடுக்குவதன் பயனே, ஒன்றைத் தாங்கும் புழுவை மற்றொன்று கொல்லும் என்பதில் இருக்கிறது. முதல் நஞ்சு ஏற்கெனவே பழுதான பிறகு இரண்டு நஞ்சு என்பது பெயரளவில் மட்டுமே இரண்டு. சில ஆண்டுகளில் அதுவும் வீழ்ந்தது. இரு நஞ்சுகளையும் தாங்கும் புழுக்களை நாகபுரி நிறுவனம் 2018இல் ஆவணப்படுத்தியது.

இதனிடையே 2014இல் வெளியான மூலக்கூறு ஆய்வு ஒன்று நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் எதிர்ப்புப் பெற்ற இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்களில் காடரின் மரபணுவின் எட்டுப் புதிய சிதைந்த அல்லீல்கள் கண்டறியப்பட்டன. அரிசோனாவில் மூன்று; இங்கே எட்டு. அத்தோடு, ஒரே அல்லீலிலிருந்து மாற்றுப் பிளவிணைப்பால் பலவகை ஆர்.என்.ஏ. படிகள் உருவாவதும் தெரியவந்தது. பூட்டு ஓரிடத்தில் உடைந்து அது நாடெங்கும் பரவவில்லை. பல இடங்களில் பலவிதமாக உடைந்திருக்கிறது. இத்தனை தனித்தனித் தோற்றங்கள் ஒருசேரப் பெருகியிருக்கின்றன என்றால், தேர்வு அழுத்தம் எல்லா இடங்களிலும் ஒரே வகையில் இயங்கியிருக்கிறது என்று பொருள். விவசாயிக்கு விவசாயி அலட்சியத்தின் அளவு மாறும். விதையும் விதியும் எங்கும் ஒன்றே.

நஞ்சு தோற்றபோது தெளிப்பான் திரும்பி வந்தது. 2017இல் யவத்மாள் மாவட்டத்தில் பூச்சிமருந்து தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் நச்சேறி இறந்தனர். அந்தச் சாவுகளுக்குக் காரணங்கள் பல, பி.டி. பருத்தியின் காப்பு குலைந்து தெளிப்பு பெருகியது அவற்றுள் ஒன்று. அவர்களையும் நம் முடிவுரை வாக்கியம் ‘விழிப்புணர்வு அற்றவர்கள்’ பட்டியலில்தான் சேர்க்கும். இறந்தவரின் குடும்பத்தாரிடம் இதை நேரில் சொல்லத் துணியாத நாம், ஆய்வேட்டில் எழுதத் தயங்குவதில்லை.

விவசாயியின் பக்கமிருந்து பாருங்கள். இரண்டு ஏக்கர் மானாவாரிப் பருத்திக்காரரிடம், ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில் புழு தின்பதற்கென்று பயிர் வையுங்கள் என்கிறோம். இழப்பு அவருடையது, இந்த ஆண்டே தெரிவது. பயன் வட்டாரத்துக்குப் பொது. பத்தாண்டு கழித்துக் கிடைப்பது. அதுவும் பக்கத்து வயல்காரர் எல்லோரும் செய்தால் மட்டுமே. இழப்பீடு இல்லை. ஆய்வு செய்ய வருவார் இல்லை. இந்நிலையில் அவர் அந்த 120 கிராமை ஒதுக்கிவைத்தது அறியாமையாலன்று; நன்றாகக் கணக்குப் பார்த்ததால்.

இதற்கு மாறான அணுகுமுறைக்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், முட்டைக்கோசில் வைரமுதுகு அந்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த, இருபத்தைந்து வரிசைக் கோசுக்கு இருபுறமும் கடுகு வரிசை விதைக்கும் முறையை 1991இல் வெளியிட்டது. பூச்சி கடுகில் முட்டையிடும், கோசு தப்பும். அங்கும் ‘வேறு பயிருக்குச் சில வரிசை’ என்பதே கோரிக்கை. ஆனால் அந்த வரிசைகளின் பயன் அதை விதைத்தவரின் கோசிலேயே, அதே பருவத்தில் தெரியும். இரண்டு முறைகளுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டை எந்த விழிப்புணர்வு முகாமும் நிரப்பாது.

மரபணு மாற்றத்தை எதிர்ப்பவர்கள் இந்தப் பதிவைத் தம் முகாமுக்கான ஆயுதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பி.டி. தெளிப்பையும் வைரஸ் மருந்தையும் நம்பும் இயற்கை வேளாண்மைக்கும் இதே கணக்குத்தான். காட்லிங் அந்துப்பூச்சி அதைச் சொல்லிவிட்டது. ஆதரிப்பவர்களும், அடுத்த மரபணு வந்தால் தீரும் என்று கடந்துபோக வேண்டாம். சீனாவில் அமெரிக்கன் காய்ப்புழுவின் டெட்ராஸ்பானின் மரபணுவில் ஒரு புள்ளி மாற்றம் ஓங்கு பண்பாக எதிர்ப்பைத் தருகிறது. 2006இல் ஆயிரத்துக்கு ஒன்றாக இருந்த அது 2016இல் பத்துக்கு ஒன்றானது. கலப்பு வேளாண்மை என்ற இயற்கைப் புகலிடத்தை நம்பி நாம் நிம்மதியாக இருக்கும் பூச்சி அதுதான். ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறைக்கும் மக்காச்சோள வேர்ப்புழு ஆய்வகத்தில் எதிர்ப்புப் பெற்றதை 2018இலேயே வெளியிட்டுவிட்டார்கள். இந்தத் துறையில் புதிய மருந்து ஒவ்வொன்றும் தன் எதிர்ப்பைப் பின்னால் அழைத்துக்கொண்டே வருகிறது.

தற்போது சாதாரண விதையைப் பொட்டலத்துக்குள்ளேயே கலந்து விற்கும் முறை வந்திருக்கிறது. இளஞ்சிவப்புப் புழு செடிவிட்டுச் செடி அதிகம் நகராதது. ஆதலால் அதற்கு இது பொருத்தமான ஏற்பாடு. வரவேற்கிறேன். ஆனால் இரு நஞ்சுகளும் தோற்ற பிறகு வரும் புகலிடம், வெள்ளம் வடிந்த பின் கட்டும் கரை. விவசாயி செய்யவில்லை என்று குறைப்பட்ட ஒன்றை விதையின் வடிவமைப்பிலேயே செய்திருக்க முடியும் என்பதற்கு இந்த முறையே வாக்குமூலம்.

ஹெப்பாளில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இருக்கிறது. ஜி.கே.வி.கே. வளாகத்தில் வேளாண் பல்கலைக்கழகமும் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் அருகருகே இருக்கின்றன. பூச்சி வளர்ப்புக் கூடமும் மரபணு வரிசையறியும் கருவியும் ஒரே நகரில் கிடைக்கும் இடம் நாட்டில் அதிகமில்லை. இங்கிருந்து தொடங்கக் கூடிய நான்கு வேலைகளை முன்வைக்கிறேன்.

1. எதிர்ப்பு பற்றிய எந்த ஆய்வேடும் மரபு வழியைச் சோதித்துச் சொல்லட்டும். எதிர்ப்புள்ள ஆணும் எதிர்ப்பற்ற பெண்ணும், பின் அதை மாற்றியும் என இருவழிக் கலப்புகள் செய்தால் பால் குரோமோசோமின் பங்கு தெரிந்துவிடும். ஓங்குதன்மையின் அளவைச் செயற்கை உணவில் மட்டுமின்றி, நூற்றிருபது நாள் கடந்த செடியின் காயிலும் அளக்க வேண்டும்.

2. மாவட்டவாரியான அல்லீல் அடுக்கு விகிதம் ஆண்டுதோறும் பொதுவெளியில் வரட்டும். எட்டு அல்லீல்கள் கண்ட நாட்டில் ஒரேயொரு மாற்றத்தைத் தேடும் டி.என்.ஏ. சோதனை போதாது, இரண்டாம் தலைமுறைக் கலப்புச் சோதனையும் உடன் வேண்டும்.

3. புதிய நஞ்சோ வைரஸோ ஆர்.என்.ஏ. மருந்தோ, அனுமதி கோரும்போதே அதன் எதிர்ப்பு மரபு வழியும் அதற்கேற்ற புகலிட வடிவமும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும் என்று நம் துறை ஒரே குரலில் கேட்கட்டும். குறுகிய கால நேரடி ரகங்களில் நஞ்சு மரபணு ஏன் பரவலாக வரவில்லை என்பதையும் அதே மூச்சில் கேட்கட்டும்.

4. ‘விவசாயிகள் புகலிடப் பயிர் விதைக்கவில்லை’ என்று எழுதுவோர், எத்தனை பேர், எங்கே, ஏன் விதைக்கவில்லை என்ற தரவையும் சேர்த்து எழுதட்டும். தரவு இல்லையேல் வாக்கியமும் வேண்டாம்.

விவசாயிக்குப் பொறுப்பே இல்லையா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. காய் பறித்து முடித்த செடியைக் கோடைவரை நிற்க விடுவதும், தாக்குண்ட பருத்திமாரை வரப்பில் குவித்துவைப்பதும் புழுவின் அடுத்த தலைமுறைக்கு வீடு கட்டித் தருகின்றன. அதை அவரிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் பொறுப்பு அறிவின் அளவுக்கு ஏற்ப அமைவது. ஓங்கு, ஒடுங்கு என்பதும், ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று என்பதும் தெரிந்தவர்கள் நாம். தெரிந்திருந்தும் விதையைப் பற்றி வாய் திறக்காமல், தெரியாதவரைக் குற்றம் சொல்லி முடிக்கும் வாக்கியத்துக்குப் பட்டம் வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை வாய்மொழித் தேர்வில் அந்த வாக்கியம் வரும்போது, தேர்வாளர்களில் யாரேனும் ஒருவர் கேளுங்கள்: இப்புழுவில் எதிர்ப்பின் ஓங்குதன்மை காயில் எவ்வளவு? அளந்தீர்களா? விடை இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் திருத்திக் கொண்டுவரச் சொல்லுங்கள். மாணவருக்கு ஒரு மாதம் கூடுதலாகும்; துறைக்கு அது நட்டமன்று.